சீக்கு வயல்

பரோட்டா போனபோது கீழமாணிக்குடியில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வடக்கே கோதுமைக்கு ஏதோ நோய் வந்துவிட்டதாம், கதிரெல்லாம் வெளுத்துப் பதராகிறதாம், இனிமேல் மைதா வராதாம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருந்த அந்தோணிசாமி மட்டும் பரோட்டாக் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இடியாப்பத்துக்கு மாறினார். ஊர் அவரை இன்னமும் பரோட்டா மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அதில் அவருக்கு வருத்தமா பெருமையா என்று யாரும் கேட்டதில்லை.

கோதுமையைத் தின்ற பூஞ்சாணம் நெல்லுக்குப் பழைய சொந்தம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நெல்லில் அதற்குக் குலைநோய் என்று பெயர். முதலில் இலையில் கண் வடிவத்தில் ஒரு புள்ளி விழும். பிறகு கதிரின் கழுத்து கறுத்து ஒடியும், மணியில் பால் பிடிக்காது. காலம் காலமாக வந்துகொண்டிருந்த நோய்தான்; கடையில் மருந்து வாங்கி அடித்தால் அடங்கிவிடும். ஆனால் கோதுமையில் கொழுத்துத் திரும்பி வந்ததற்கு எந்த மருந்தும் பிடிக்கவில்லை. ஒரு வருடம் ஆற்றுக்கு அந்தக் கரை போயிற்று, மறுவருடம் இந்தக் கரை போயிற்று. ரேஷன் கடையில் அரிசிக்கு நின்ற வரிசையில், நெல் விளைவித்தவர்களே பையோடு நின்றார்கள்.

கூத்தாநல்லூர்க்காரி ஹசீனா அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வந்தாள். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சாணங்களைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். மருந்துச் சீட்டு எழுதாத டாக்டரும் உண்டு என்று ஊருக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று அவளிடம் கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கூட்டுறவு சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். பாசனக் கமிட்டித் தலைவர் வைரக்கண்ணு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு வேலி நிலம், அதாவது பதின்மூன்று ஏக்கருக்கு மேல், அதற்கேற்ற குரல். ஹசீனா படம் எதுவும் காட்டாமல் வாயாலேயே சொன்னாள்.

"பயிருக்குக் காய்ச்சல் கொடுக்கறது இந்தப் பூஞ்சாணம். அந்தப் பூஞ்சாணத்துக்கே காய்ச்சல் கொடுக்கற வைரஸ் ஒண்ணு இருக்குங்க. காய்ச்சல் வந்த பூஞ்சாணம் பயிரைக் கொல்லாது. இலையில நாலு புள்ளி வெச்சுட்டுச் சும்மா ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். முரட்டுப் பூஞ்சாணம் பக்கத்துல வந்தா, அதுக்கும் தன் காய்ச்சலை ஒட்ட வெச்சுடும்."

அப்படியானால் அந்த வைரஸை டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் நாங்கள் மருந்து மாதிரி அடித்துவிட்டுப் போகிறோம் என்றார் வைரக்கண்ணு.

"அது தனியா உயிரோட இருக்காதுங்க. பூஞ்சாணத்துக்குள்ளதான் இருக்கும். பூஞ்சாணம் பயிர்லதான் இருக்கும். அதனால ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு வயல் சீக்கா இருந்தே ஆகணும். அந்த ஒரு வயல்ல மட்டும் அடர்த்தியா ஏத்திவிடுவோம். அங்கேர்ந்து காத்துல போய் மத்த வயலையெல்லாம் காப்பாத்தும். ஆனா ஏத்திவிட்ட வயல் தாங்காது."

யாருடைய வயல் என்ற கேள்வி எல்லார் மனதிலும் ஒரே நேரத்தில் எழுந்தது, யாரும் அதை வெளியே சொல்லவில்லை.

திட்டத்தில் அதற்குக் காப்பு வயல் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஊர் சீக்கு வயல் என்றது. வருடத்துக்கு ஒரு வீடு ஒரு மா நிலத்தைக் கொடுக்க வேண்டும். நட்டு, பூஞ்சாணத்தை ஏற்றி, வேலி அடைத்துவிட வேண்டும். அதன் பிறகு களை எடுக்கக் கூடாது, உரம் கூடாது, மருந்து கூடாது, தண்ணீர் பாய்ச்சக் கூடாது. வைத்தியம் பார்த்தால் பூஞ்சாணம் போய்விடும், பூஞ்சாணம் போனால் காவலும் போய்விடும் என்று ஹசீனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கொடுத்த வீட்டுக்கு மற்ற வீடுகள் அறுவடையில் பங்கு நெல் அளக்கும். விதியை மீறினால் பங்கு நெல் கிடையாது, அடுத்த பருவத்துக்குத் தண்ணீர் முறையும் கிடையாது. இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்தது வைரக்கண்ணு. தண்டனை இல்லாத விதியை நம் ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம்.

ஆடி மாதத்தில் ஐயனார் கோயிலில் குடத்துக்குள் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கமாயிற்று. நிலமில்லாத ஒருவர் எடுத்தால்தான் சந்தேகம் வராது என்று பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஐயனார் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இரண்டு வேலி வைத்திருந்த வைரக்கண்ணுவுக்கும் ஒரு சீட்டு, மூன்று மா வைத்திருந்தவளுக்கும் ஒரு சீட்டு. சமத்துவம் நம் ஊரில் வர வேண்டிய இடத்துக்கு வராது, சீட்டுக் குடத்துக்குள் மட்டும் ஒழுங்காக வந்துவிடும்.

திட்டம் வேலை செய்தது. சில வருடங்கள் ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டது. அந்த வருடம் இந்திராணியின் பெயர் வந்தது.

இந்திராணிக்கு வாய்க்கால் ஓரமாக மூன்று மா, அதாவது சரியாக ஓர் ஏக்கர். புருஷன் சிங்காரவேலு மஸ்கட்டில் கொத்தனார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாற்று விடுவதிலிருந்து களத்துமேடு வரைக்கும் எல்லாம் அவள் கைதான். கமிட்டி வந்து பார்த்து, முதல் வயலைக் கொடு, அங்கிருந்துதான் காற்று நன்றாக இறங்கும் என்றது. அதுதான் இருப்பதிலேயே நல்ல மண், வீட்டுச் சாப்பாட்டுக்கு அவள் வைத்திருந்த வயல். சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்ல முடியும்?

முன்னால் சீட்டு விழுந்தவர்கள் எல்லாம் வயலைப் பார்க்காமலே பருவத்தை ஓட்டினார்கள். ஒருவர் மாமியார் ஊருக்கே போய்விட்டார். இந்திராணிக்கு அந்த வசதி இல்லை. மற்ற இரண்டு மாவுக்கும் போக வேண்டுமானால் முதல் வயலின் வரப்பில்தான் நடக்க வேண்டும். காலையில் போகும்போது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, திரும்பவும் சாயங்காலம் வரைக்கும் அது அவள் கண்ணிலேயே இருந்தது. ஐப்பசி மழையில் பக்கத்து வயலெல்லாம் கரும்பச்சையாகத் தூர் கட்டியபோது இது மட்டும் இலைக்கு இலை புள்ளி வாங்கிக்கொண்டு நின்றது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. களையெடுப்புக்கு ஒருவர் வயலுக்கு ஒருவர் மாற்றாளாகப் போகிற பெண்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் வரப்பில் யாரும் மாட்டுக்குப் புல் அறுக்கவில்லை. சீக்கு வயலில் மிதித்த கால் நம் வயலில் படக் கூடாது என்று பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதுக்கே வந்தது. அந்த வயலிலிருந்து கிளம்பிய பூஞ்சாணம் காற்றில் வந்து அவர்கள் பயிரின்மேல் உட்கார்ந்துதான் அவர்கள் வீட்டுச் சோற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காற்றில் வந்தால் காவல், காலில் வந்தால் தீட்டு. இதை எந்த டாக்டராலும் விளக்க முடியாது.

அவள் முதலில் செய்தது ஒன்றுமே இல்லை. நடந்துபோகிறவள் குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கினாள், அவ்வளவுதான். மறுநாள் வரப்போரத்தில் கைக்கு எட்டிய களையையெல்லாம் எடுத்தாள். அப்புறம் நோய்ப் பயிருக்குப் பழைய கைமருந்தான உமிச்சாம்பலை அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்து தூவினாள். அப்புறம், எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், மடையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு ஈரம் காட்டிவிட்டு அடைத்தாள். பங்கு நெல் நின்றுபோனால் அடுத்த வருடம் பிள்ளைகளுக்குச் சோறு ரேஷன் கடையில்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்வாள். மறுநாள் அந்த வரப்பில் நடக்க வேண்டியிருக்கும்.

மார்கழி பிறந்ததும் ஹசீனா வந்தாள். எல்லா ஊரிலும் கம்பு நட்டு, பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைக் கட்டிவைத்திருந்தாள். காற்றில் பறப்பது எதுவோ அது அதில் ஒட்டும். அதை எடுத்துப் பார்த்தால் எந்த ஊர்க் காற்றில் காய்ச்சல்காரப் பூஞ்சாணம் எவ்வளவு, முரட்டுப் பூஞ்சாணம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கீழமாணிக்குடிச் சில்லைக் கழற்றப் போனவள் வழியில் நின்றுவிட்டாள். விதிப்படி கார்த்திகைக் கடைசியிலேயே காய்ந்து சருகாகியிருக்க வேண்டிய வயல், புள்ளியும் பச்சையுமாகக் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பகுதியில் புதிதாக வந்த இலைகளில் புள்ளியே இல்லை.

இந்திராணி மறைக்கப் பார்த்தாள். மழை நன்றாகப் பெய்தது என்றாள், மண் நல்ல மண் என்றாள். ஹசீனா குனிந்து மண்ணைக் கையில் எடுத்தாள். விரலில் சாம்பல் ஒட்டியது.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? இது குணமானா ஊரே போயிடும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"என்ன பண்ணச் சொல்றீங்க டாக்டரம்மா? தெனம் அது பக்கத்துலதான் நடந்து போறேன். வாயத் தொறந்து கேக்காதுங்கறது ஒண்ணுதான் கொறச்சல்."

கமிட்டியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஹசீனா கையை விடுவித்துக்கொண்டு, சில்லோடு வண்டியில் ஏறினாள். அவளுக்கு நல்ல கோபம். சில வருட உழைப்பை ஒரு கூடைச் சாம்பல் கெடுத்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

கோபத்தோடுதான் சில்லை நுண்ணோக்கியில் வைத்தாள். பார்த்துவிட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். அவள் சுற்றிய எல்லா ஊர்களையும்விட இங்கேதான் காய்ச்சல்காரப் பூஞ்சாணம் அதிகமாகப் பறந்துகொண்டிருந்தது. விதியை எழுத்துக்கு எழுத்து மதித்த பக்கத்து ஊரான கொல்லங்குளத்தின் வாய்க்காலில் கார்த்திகையோடு அது நின்றுபோயிருந்தது. சீக்கு வயல் செத்ததும் அதிலிருந்த பூஞ்சாணமும் சேர்ந்து அடங்கிவிட்டது. முன் வருடங்களில் முரட்டுப் பூஞ்சாணம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போனதால் அது யாருக்கும் தெரியவில்லை. இந்த வருடம் அது தாமதமாக வந்தது. கொல்லங்குளத்தில் காவல் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது. கதிர் கழுத்து கறுக்கிறது என்று அங்கிருந்து போன் மேல் போன் வந்தது.

ஹசீனாவுக்குத் தன் பழைய ஆய்வகம் ஞாபகம் வந்தது. ஆய்வகத்தில் இதே பூஞ்சாணத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது வாராவாரம் புதுத் தீனி மாற்றிக் கொடுத்தது அவளேதான். காய்ந்தால் ஈரம் காட்டியதும், அதிகம் வளர்ந்தால் குளிரில் வைத்ததும் அவள்தான். வயலுக்கு வந்தபோது மட்டும், வேலி அடைத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று விதி எழுதிவிட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததை, அந்த ஆள் தானேயாக இருந்தும், மறந்துபோயிருந்தாள். அவளுக்குத் தன்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தாள். இந்திராணி அவளைப் பார்த்ததும் கமிட்டி ஆட்களும் பின்னால் வருகிறார்களா என்று எட்டிப்பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னாள். ஹசீனா நடந்ததைச் சொன்னாள். உங்கள் வயல் உயிரோடு இருப்பதால்தான் இந்த வாய்க்கால் இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறது என்றாள். இந்திராணியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது முழுதாக வருவதற்குள் ஹசீனா மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. நடுப்பகுதி குணமாகிக்கொண்டிருக்கிறது. கொல்லங்குளத்து முரட்டுப் பூஞ்சாணம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் வயல் குணமாகிவிட்டால் அங்கே நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

"அதனால சாம்பல் போதும்க்கா. தண்ணியை வடிச்சுடுங்க. பயிர் வாடும், புள்ளி ஏறும். ரொம்ப வாடிச்சுன்னா திரும்ப ஈரம் காட்டுங்க. அறுப்பு வரைக்கும் இப்படியே பிடிச்சு வெச்சிருக்கணும்."

இந்திராணி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவவும் விடக் கூடாது, பொழைக்கவும் விடக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"அதுக்கு நீங்க மொதல்ல சொன்ன மாதிரி வேலியக் கட்டிட்டுக் கண்ண மூடிட்டே போயிருக்கலாம்."

இந்திராணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வடிகால் பக்கத்து வரப்பை வெட்டி, தான் ரகசியமாகப் பாய்ச்சிய தண்ணீரைத் தானே வடிகாலில் இறக்கினாள். வடியும் வரைக்கும் அங்கேயே நின்றாள். அவள் அழுதாள். அதை மறைக்க முந்தானையைத் தேடவும் இல்லை.

அதன் பிறகு அவள் பட்ட பாட்டை எழுதி முடியாது. ஒரு பயிரைக் காப்பாற்றுவது கஷ்டம்தான், ஆனால் அது தெரிந்த கஷ்டம். இது வேறு. புதுப் பச்சை தலை காட்டினால் தண்ணீரை இறக்க வேண்டும், இலை சுருண்டால் ஓடிப்போய் மடையைத் திறக்க வேண்டும். ஒரு நாள் குணம் தெரிந்தால் பயம், ஒரு நாள் வாட்டம் தெரிந்தால் பயம். எந்தப் பக்கம் பார்த்தும் சந்தோஷப்பட முடியாத விவசாயம் அது. மஸ்கட்டிலிருந்து போன் பண்ணிய சிங்காரவேலு பயிர் எப்படி என்று கேட்டபோது, அது பாட்டுக்கு இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

இடையில் வைரக்கண்ணு ஒரு நாள் வாய்க்கால் பார்க்க வந்தவர், சீக்கு வயலில் தண்ணீர் மினுங்குவதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே கமிட்டி கூடியது. இந்திராணிக்குப் பங்கு நெல் இல்லை, குறுவைக்குத் தண்ணீர் முறையும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. ஹசீனா தகவல் கேட்டு ஓடிவந்து, எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள். விதி தப்பு, அதை எழுதியது நான், தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள் என்றாள். கொல்லங்குளத்துக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து மீதியைப் பேசுங்கள் என்றாள்.

வைரக்கண்ணு போனார். அங்கே வயலில் கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றது. நெல் பிடித்த கதிர் குனியும். நிமிர்ந்து நிற்பது பதர். அவருக்குத் தெரிந்த ஒரு விவசாயி தன் வயலில் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, மேயட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வைரக்கண்ணு அவரோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். தீர்ப்பை வாபஸ் வாங்கியதாக அவர் வாயால் சொல்லவில்லை. அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவும் இல்லை.

தை முடிந்தது. கீழமாணிக்குடியில் இலைக்கு நாலு புள்ளியோடு பயிர் தப்பியது, மாசியில் அறுத்தார்கள். கொல்லங்குளத்து நிலக்காரர்கள் கூலிக்கு அறுக்க வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஊருக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தில் பங்கு நெல் குறையில்லாமல் இந்திராணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சீக்கு வயலில் அறுக்க ஒன்றுமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி தவிர மற்றதெல்லாம் பதராக நின்றதை அவள் உழுதுவிட்டாள்.

ஆடி வந்தது. ஐயனார் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். ஹசீனா புது விதிகளைப் படித்தாள். சீக்கு வயலுக்கு இனிமேல் வேலி கிடையாது, தினமும் கவனித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். எவ்வளவு வாட்டம், எவ்வளவு ஈரம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதை எழுதிக் கொடுக்க என்னால் ஆகாது என்றும் சொன்னாள். விதியை மீறியவள் என்ற பேரிலிருந்து இந்திராணியைக் காப்பாற்றத்தான் அவள் அப்படி அழுத்திச் சொன்னாள். அந்த வார்த்தைதான் வினையாயிற்று.

வைரக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். நம் தங்கச்சி இந்திராணிக்கு இருக்கிற கைராசி யாருக்கும் வராது என்றார். அவள் கை பட்டதால்தான் இந்த ஊர் இன்றைக்குச் சோறு தின்கிறது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வரப்பில் கால் வைக்க யோசித்த பெண்கள்கூட அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்படியானால் இனிமேல் எதற்குச் சீட்டு, தெரியாதவன் வயலில் வைத்து ஊரைக் கெடுப்பானேன், அந்த முதல் வயலே நிரந்தரமாக இருக்கட்டும், பங்கு நெல்லைக் கொஞ்சம் கூட்டிக்கூடக் கொடுத்துவிடலாம் என்றார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாருமே தட்டினார்கள்.

ஹசீனா அவசரமாக எழுந்தாள். சுழற்சி முறைதான் திட்டம் என்று சொல்லிப் பார்த்தாள். நீங்கள்தானே டாக்டரம்மா பார்க்கத் தெரிந்த கை வேண்டும் என்றீர்கள் என்று பணிவாகப் பதில் வந்தது. ஒரு மனுஷியின் தலையில் ஒரு பாரத்தை வாழ்நாளுக்கும் ஏற்றிவைப்பதைப் பாராட்டு விழா மாதிரி நடத்த நம் ஊர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்திராணி கை தட்டல் ஓயும் வரைக்கும் காத்திருந்தாள்.

"கை வேணும்னா என் கை வரும். வயலு வராது. சீட்டு எடுங்க. யாருக்கு விழுதோ அவங்க வயலுக்குத் தெனம் நான் வந்து பாக்கறேன். எப்ப தண்ணி, எப்ப வாட்டம்னு நான் சொல்றேன். ஆனா செய்யறது நிலத்துக்காரங்கதான். மண்வெட்டி அவங்க கையிலதான் இருக்கணும்."

வைரக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான் ஒரு பருவம் செஞ்சுட்டேண்ணே. இன்னொருத்தரும் அதைச் செஞ்சு பாக்கணும். இல்லேன்னா என் கைய நம்பாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கை தட்டியவர்கள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். அவள் கை இல்லாமல் காரியம் நடக்காது என்று அப்போதுதான் அவர்களே ஊரறியச் சொல்லி முடித்திருந்தார்கள். பரோட்டா மாஸ்டர் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் குடத்தை எடுத்துக் குலுக்கினார். சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, ஒரு முறை தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி படித்தார். வைரக்கண்ணு.

அவர் ஆட்சேபிக்கவில்லை. இரண்டு வேலியில் ஒரு மா போனால் என்ன என்று சிரித்தார். கோயிலடி வயலைக் கொடுத்தார். ஐப்பசியில் பூஞ்சாணம் ஏற்றினார்கள். இந்திராணி தினமும் காலையில் வந்து வரப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இறக்குங்கள், இன்றைக்கு விடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் வயலுக்குப் போனாள். வாழ்நாளில் ஆள் வைத்தே வேலை வாங்கிய மனிதர், பேச்சு பேச்சுதான் என்று மண்வெட்டியைத் தானே பிடித்தார். சிரிப்பு கொஞ்ச நாளில் நின்றுபோயிற்று. பகலில் கமிட்டி ஆபீஸில் அவரைப் பார்ப்பது அரிதாயிற்று. எங்கே என்று கேட்டால் கோயிலடி வயலில் இருப்பார் என்றார்கள்.

கார்த்திகையில் ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். தன் வயலில் களை எடுத்துவிட்டுத் திரும்பிய இந்திராணி கோயிலடி வழியாக வந்தாள். வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பயிருக்கு நடுவில் நின்றார். பக்கத்தில் ஒரு வாளி நிறையப் பஞ்சகவ்யம். குவளையால் மொண்டு ஒவ்வொரு தூருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். புள்ளி விழுந்த இலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வேரில் படும்படி மெதுவாக ஊற்றினார். அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் ஊற்றட்டும் என்று அவள் நெடுநேரம் வரப்பிலேயே நின்றாள். அவளுக்கும் தடுக்க மனம் வரவில்லை. கடைசியில் வயலில் இறங்கிப் போய், அவர் கையிலிருந்து குவளையை வாங்கிக்கொண்டாள்.

"போதும்ண்ணே. இதுக்கு மேல ஊத்துனீங்கன்னா பொழைச்சிரும்."